நின்று ஆக்கும் அடுப்பு

சாரல் வந்துவிட்டது என்பது தென்காசியில் அடுக்களைத் தரைக்குத்தான் முதலில் தெரியும். மேற்கே மலை மறைவதற்கு முன்பே, ஓட்டில் ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே, சாணி மெழுகிய மண்தரை உள்ளுக்குள் வேர்க்கத் தொடங்கிவிடும். காலை வைத்தால் குளிர்ச்சி முழங்கால்வரை ஏறும். போன வருசத்துச் சாரலில் அப்படி வேர்த்த தரையில்தான் ஆவுடைத்தாய் விழுந்தாள். நடவு ஆட்களுக்கான கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு எழும்போது கால் வழுக்கியது. பானை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

இலஞ்சியிலிருந்து வைத்தியர் வந்து, உளுத்தமாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து இடுப்பையும் தொடையையும் சேர்த்துக் கட்டினார். ஐப்பசி மழை முழுக்க அவள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். தை பிறந்தபோது எழுந்து நடந்தாள். இடது பக்கம் லேசாகச் சாய்ந்த நடைதான். ஆனாலும் யார் தோளையும் பிடிக்கவில்லை. கிணற்றடிக்குப் போனாள், தொழுவத்துக்குப் போனாள், கோயில் வாசல்வரை போய் வந்தாள். ஒன்று மட்டும் முடியவில்லை. குத்தவைக்கவோ, சம்மணம் போடவோ அந்த இடுப்பு இனி மடங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

அடுப்பு தரையில் இருந்தது. அவளால் தரைக்குப் போக முடியவில்லை.

அவள் புருசன் பிச்சையா சொந்தமாகக் கொஞ்சம் நன்செய் வைத்து உழுகிறவர். மாடு, மடை, நாற்றங்கால் இவற்றைத் தவிர வேறு எதைப் பற்றியும் சட்டென்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். அவருடைய அக்காள் முப்பிடாதியம்மாள் சிறு வயதிலேயே தாலியை இழந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். அவள்தான் அடுக்களையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நன்றாகத்தான் சமைத்தாள். வீட்டில் ஒருவருக்கும் வயிறு வாடவில்லை.

பங்குனியில் சுரண்டையிலிருந்து சம்பந்தியம்மாள் வந்தாள். பிச்சையாவின் ஒரே மகள் குருவம்மாளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் முழுகாமல் இருந்தாள். ஆனியில் ஏழாம் மாதம். அந்த மாதத்தில் பெண்ணைப் பெற்றவள் தன் கையால் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, உளுந்தஞ்சோறு என்று வகைவகையாக ஆக்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், மகளுக்குப் பரிமாறி, அதே வண்டியில் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். கட்டுச்சோறு என்று அதற்குப் பெயர். சம்பந்தியம்மாள் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, முற்றத்தைப் பார்த்தபடி பதமாகச் சொன்னாள்.

"பெத்தவளுக்கு முடியலைன்னா அதுல வருத்தப்பட என்ன இருக்கு? கட்டுச்சோறெல்லாம் இந்தத் தடவை வேண்டாம். பிள்ளைப்பேறையும் நாங்களே பாத்துக்கிடுதோம். தலைப்பிள்ளை பாருங்க, எல்லாம் சுமங்கலி கையால நடக்கணும்."

அவளுடைய வண்டி தெரு திரும்பியது. பிறகு அடுக்களையிலிருந்து முப்பிடாதியம்மாளின் குரல் வந்தது.

"கேட்டியாலே பிச்சையா? எம் பேரைச் சொல்லல. சொல்லாமயே எம்புட்டு அழகாச் சொல்லிட்டுப் போறா! அந்தப் புள்ளைக்கு எண்ணெய் தேச்சு வளத்த கை இது. இப்பம் ஆகாத கையாப் போச்சு."

"அவ ஏதோ தெரியாம…"

"நீ ஒண்ணும் பூசி மெழுக வேண்டாம். ஊரு வழக்கம். அவளைக் குத்தஞ் சொல்லி என்ன?"

தூணில் சாய்ந்து நின்ற ஆவுடைத்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அடுப்பை மேல தூக்கி வச்சுட்டா நான் நின்னுக்கிட்டே ஆக்கிருவேன்."

"என்னது?"

"குத்தவைக்கத்தானே முடியல மதினி. நிக்க முடியுதுல்லா. எம் மகளுக்குக் கட்டுச்சோறு நான்தான் ஆக்குவேன். நான் அடுப்புக்கிட்ட போக முடியாட்டா, அடுப்பு எங்கிட்ட வரட்டும்."

முப்பிடாதி ஊதாங்குழலோடு வெளியே வந்தாள். "நின்னுக்கிட்டு ஆக்க இது என்ன கிளப்புக்கடையா? நாளைக்கு வடைக்கு வெலை எழுதித் தொங்கப் போடுவியோ?"

"நீங்க கல்லாவுல இருங்க மதினி. ஒருத்தன் ஏமாத்த முடியாது."

பிச்சையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காள் முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அந்த வாரமே, ஆனியில் கட்டுச்சோறு கொண்டு வருவோம் என்று சுரண்டைக்கு ஆள் விட்டார்கள்.

நின்று சமைக்கும் அடுப்பை அவர் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தார். குற்றாலத்தில் துரைமார் வந்து தங்கும் பங்களா ஒன்றுக்கு மாம்பழக்கூடை கொண்டுபோய்ப் போட்டதுண்டு. அதைப் பற்றிச் சொன்னதுமே ஆவுடைத்தாய், "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்று அவர் சொன்னது எடுபடவில்லை. "நீங்க பாத்தா கூரை எம்புட்டு உசரம்னு பாத்துட்டு வருவீங்க."

சித்திரையில் வைக்கோல் மூட்டையில் அவளைச் சாய்த்து, காலை நீட்ட வைத்து, வண்டியைப் பூட்டினார். சீசன் இல்லாத குற்றாலம் திருவிழா முடிந்த பொட்டல் மாதிரி கிடந்தது. அருவி விழுகிற இடத்தில் பாறையின் மேல் கறுப்பாக ஒரு ஈரக்கோடு மட்டும் இருந்தது. கடைகளுக்குத் தட்டி கட்டியிருந்தது. பறித்துத் தின்ன ஆளில்லாமல் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. பங்களாவில் துரைமார் யாரும் இல்லை. பட்லர் சேக் தாவூது மட்டும் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தாயீ. அண்ணாச்சி, வண்டியில ஆளு இருக்கு, மாம்பழத்தைக் காணுமே?"

"மாம்பழம் பழுக்கட்டும் சாயபு. உங்க அடுப்பைப் பாக்கணும்னு சொல்லுதா."

"அடுப்பைப் பாக்கவா? அருவியைப் பாக்கத்தான் ஆளு வரும்!"

செங்கல்லால் கட்டிய மேடை அது. நெருப்பு மேடைக்குள்ளேயே எரியும். மேலே இரும்புத் தகடு. ஆவுடைத்தாய் சாய்ந்து சாய்ந்து நடந்துபோய் அதன் முன்னால் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் தகட்டின் மேல் வைத்தாள். தன் வயலில் முதல் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறவன் முகத்தில் ஒரு அமைதி வருமே, அதைப் பிச்சையா அன்றைக்குத் தன் மனைவியின் முகத்தில் கண்டார்.

"நின்னு நின்னு காலு வலிக்காதா சாயபு?"

"வலிக்காம? ராத்திரியானா ரெண்டு காலும் எங்கிட்டச் சண்டை போடும். இந்தா கீழ ஒரு செங்கல்லு கெடக்குல்லா, அது மேல ஒரு காலைத் தூக்கி வச்சுக்கிடுவேன். கொஞ்ச நேரம் அது, கொஞ்ச நேரம் இது."

"சேலையில நெருப்புப் பத்தாதா?"

"நான் சேலை கட்டுததில்லையே தாயீ."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சேக் தாவூது தலையைச் சொறிந்தார். "ஆனா கேக்க வேண்டிய கேள்விதான். நீங்க கட்டுனா விறகு வைக்குத வாயை முன்னால விடாதீங்க. பக்கவாட்டுல விடுங்க. முந்தானை தப்பிக்கும்."

தண்ணீர்ப் பானை எந்தக் கைக்கு, புகை எந்தப் பக்கம், கழுவுகிற இடம் எத்தனை எட்டில், மழைக்கு எரிகிற விறகு எங்கே என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். சேக் தாவூது சளைக்காமல் பதில் சொன்னார். ஒரு மடையைத் திறந்தால் எந்த வயல் முதலில் நனையும், எது கடைசியில் நனையும் என்று தான் வரப்பில் நின்று யோசிப்பதும் இதுவும் ஒரே வேலைதான் என்று பிச்சையாவுக்குத் தோன்றியது. இருபது வருசத்துக்கு மேல் இவள் ஆக்கிப்போட்டதைத் தின்றிருக்கிறோம், இதற்கெல்லாம் யோசனை வேண்டுமென்று நினைத்ததே இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. புறப்படும்போது தோள்துண்டைத் தரையிலிருந்து தகடுவரை பிடித்து, உயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். "சரியா இருக்கா?" என்றார். அவள் முடிச்சைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்து, "அளவெடுத்த மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அவர் தொழுவத்திலிருந்து வந்தபோது, புறவாசலில் ஆவுடைத்தாய் சாம்பலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். குனிய முடியாததால் ஓட்டைச் சிரட்டையில் சாம்பலை நிரப்பி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நடக்க நடக்கக் கோடு விழும்படி செய்திருந்தாள். உள்ளே இருக்கிற அடுக்களையின் அளவிலேயே நான்கு சுவர், ஒரு வாசல், கிழக்குச் சுவரை ஒட்டி நீளமாக மேடை, வடக்கு மூலையில் ஏனம் கழுவ அங்கணம். கோட்டுக்குள் போய் நின்றுகொண்டு அவள் வெறுங்கையால் சமைக்க ஆரம்பித்தாள். இல்லாத பானையை இறக்கினாள், இல்லாத அரிசியைக் களைந்தாள், கழுநீரை அங்கணத்தில் ஊற்றப் போனாள். பாதி வழியில் நின்று, "சே, தூரம்" என்று சொல்லி அங்கணத்தைக் காலால் அழித்து, மேடைக்கு இன்னும் பக்கமாகப் போட்டாள். மறுபடியும் அரிசி களைந்தாள்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் இரண்டு தலைகள் முளைத்தன. "ஏ முப்பிடாதி மதினி, உங்க வீட்டுல என்ன, சாமி எறங்கிருக்கா?"

"ஆமா, சமையல் சாமி" என்றாள் முப்பிடாதி. "போயி சோலியைப் பாருங்கட்டி."

கொத்தனார் பேச்சிமுத்து, குள்ளமான உருவமும் பெரிய குரலும் உள்ளவர், சாம்பல் கோட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிச்சையாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: தரைக்குக் காவி கலந்த சிமிட்டி. மேலத்தெருவில் ஒரு வீட்டில் புதிதாகப் போட்டிருந்தார்கள், முகம் தெரியும். ஆவுடைத்தாய் அந்த வீட்டுக்கே போய், அனுமதி கேட்டு, ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் சாய்த்து, நல்ல காலை வைத்துப் பார்த்தாள். கால் வழுக்கிக்கொண்டு போனது.

"கண்ணாடி மாதிரி இருக்கு. கண்ணாடியில யாராச்சும் நடப்பாங்களா?"

"அப்பம் மேடைக்காச்சும் ரயில்ல வருதே, கடப்பைக் கல்லு, கறுப்பா, அதைப் போட்டுருவமா அக்கா?" என்றார் பேச்சிமுத்து.

"கறுப்புல எறும்பு தெரியாது தம்பி."

"செங்கோட்டைத் தேக்குப் பலகை?"

"சூட்டுச் சட்டியை எறக்குன எடமெல்லாம் வட்டம் வட்டமாக் கரியும். உள்ளூர் மலைக்கல்லு போதும். மேடைக்கு வாரதை வழவழன்னு தேச்சிருங்க, மாவு உருட்டணும். தரைக்கு வாரதை அம்மி கொத்துத மாதிரி பொடிசாக் கொத்திருங்க."

"ஒரே பாறையில ஒண்ணைத் தேய்க்கச் சொல்லுதீங்க, ஒண்ணைக் கொத்தச் சொல்லுதீங்க!"

"ஒண்ணு கைக்கு, ஒண்ணு காலுக்கு."

பேச்சிமுத்து மேடைக் கோட்டை முழக்கோலால் அளந்தார். "எட்டடி வருது. ஒத்த ஆளு நின்னு ஆக்க எட்டடி எதுக்கு அக்கா?"

"யாரு சொன்னா ஒத்த ஆளுன்னு? எங்க மதினியும் நிக்கணும்லா."

தொழுவத்து ஓரத்தில் தற்காலிக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த முப்பிடாதி, "நான் மேடையேறி ஆடப் போறதில்ல. எனக்கு வேண்டாம்" என்றாள். ஆனால் அடுப்பு ஊதுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோயிருந்ததைப் பிச்சையா கவனித்தார்.

பழைய அடுக்களைக்குள்ளேயே மேடை வைகாசியில் எழுந்தது. துண்டு முடிச்சின் உயரத்துக்குச் சுவர் கட்டி, கல்லை ஏற்றினார்கள். தரைக்கல் வாசலுக்கு வெளியே அடுக்கிக் கிடந்தது. மேடை முடிந்து, நல்ல நாளில் பால் காய்ச்சிய பிறகுதான் தரை என்று பேச்சிமுத்து சொல்லியிருந்தார். மேடையின் மேல் அடுப்பை ஆவுடைத்தாயே போட்டாள். புற்றுமண்ணும் உமியும் பிசைந்து, மூன்று குமிழ் வைத்து, விறகு வாயைப் பக்கவாட்டில் விட்டு, நின்றபடியே தடவித் தடவி வழித்து முடித்தாள். நல்ல நாள் பார்த்துச் சின்னச் சட்டியில் பால் பொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாம் அழகாக நடந்தது.

அப்புறம் சோற்றுப்பானையை ஏற்றினாள்.

கல்லின் மேல் அடுப்பு ஒரு சாண். அடுப்பின் மேல் பானை ஒரு முழம். பானையின் வாய் அவள் நெற்றிக்கு வந்து நின்றது. உலை கொதிப்பது கேட்டது, தெரியவில்லை. மரத்திலிருந்து காய் பறிக்கிறவள் மாதிரி அகப்பையை மேலே நீட்டித் துழாவினாள். எட்டிப் பார்க்க நுனிக்காலில் எழும்பினாள். அந்தக் கால் எழும்பவிடவில்லை. பொங்கிய கஞ்சி முழங்கை வழியாக வழிந்தது. அவள் சத்தம் போடாமல் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.

பிச்சையா கையிலிருந்த துண்டைப் பார்த்தார். குற்றாலத்தில் நெருப்பு மேடைக்கு உள்ளே எரிந்தது. தகட்டின் மேல் இருந்தவை துரைக்கு முட்டை பொரிக்கிற தட்டைச் சட்டிகள். அந்த உயரத்துக்கு இவர்கள் அடுப்பையும் வைத்து, அதன் மேல் சோற்றுப்பானையையும் ஏற்றியிருந்தார்கள். சாம்பல் கோட்டுக்குள் அவள் தூக்கி இறக்கிய பானைக்கோ உயரமே இல்லை.

"தப்பு என்னோடதுதான்" என்றார்.

"ரெண்டு பேருந்தான் பாத்தோம்" என்றாள் அவள்.

பேச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "ஒண்ணும் குடிமுழுகிப் போகல அண்ணாச்சி. கல்லை எறக்கிட்டு, சுவரை ஒன்றரைச் சாண் இடிச்சா…"

"இடிக்கவா?" முப்பிடாதி வாசலில் வந்து நின்றாள். "ஏலே, நீ கொத்தனாரா, வேற எவனுமா? பால் காய்ச்சுன அடுப்பு இது. பிள்ளைத்தாச்சிக்குப் பெறந்த வீடு இது. அவ பெத்துப் பெழைச்சு எந்திக்கிற வரைக்கும் இங்கன ஒரு கல்லை இடிக்கக் கூடாது."

பிச்சையா மனைவியைப் பார்த்தார். அவளாவது எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தார். அவள் தலையை அசைத்தாள்.

"மதினி சொல்லுதது சரிதான். எம் மக வயித்துல புள்ளை இருக்கும்போது இடிக்க வேண்டாம்."

அன்று முழுதும் அவர் வயலிலேயே இருந்தார். களை இல்லாத வரப்பில் களை பறித்தார். சுரண்டைக்கு ஆள் விட்டு, கட்டுச்சோறு வேண்டாம், பிள்ளையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் கோத்துக்கொண்டு அந்தியில் வீட்டுக்கு வந்தவர், அடுக்களை வாசலில் நின்றுவிட்டார்.

ஆவுடைத்தாய் தரைக்கல் இரண்டைப் பேச்சிமுத்துவைக் கொண்டு உள்ளே இழுத்துப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் ஏறி நின்றிருந்தாள். வெறும் பானைக்குள் அகப்பையைவிட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பானை அடி தெரியுது" என்றாள்.

"தெரியும். அதுக்காக நாள்பூரா கல்லு மேல ஏறி ஏறி எறங்க முடியுமா? அந்தக் காலை வச்சுக்கிட்டு?"

"எறங்குததுதானே கஷ்டம்? எறங்காமயே இருந்துட்டா?"

"என்ன சொல்லுத?"

"மேடையை எறக்க வேண்டாம். தரையைத் தூக்கிருங்க. அறை முழுக்க. ஆத்து மணலைக் கொட்டி மிதிச்சு, அது மேல கல்லைப் பரப்புங்க. மணலு உள்ள இருந்தா சாரலுக்குத் தரையும் வேர்க்காது."

பேச்சிமுத்து அறையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கடைசியில் தன் கரணையைப் பார்த்தார். "முப்பது வருசமாக் கட்டுதேன். உசரமாப் போனதை எல்லாவனும் குறைக்கத்தான் சொல்லிருக்கான்."

எல்லோரும் முப்பிடாதியைத்தான் பார்த்தார்கள். ஊர் வழக்கத்துக்கு அந்த வீட்டில் அவள்தான் பொறுப்பு. அவள் அறைக்குள் வந்து, தரையைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கல்லின் மேல் நிற்கிற ஆவுடைத்தாயின் சிவந்துபோன முழங்கையையும் பார்த்தாள்.

"இடிக்கத்தான் கூடாது" என்றாள் மெதுவாக. "நெரப்புததுக்கு என்ன? வீடு நெரம்பத்தானே செய்யுது."

பிறகு குரலை உயர்த்தினாள். "ஏலே பிச்சையா, மரமாட்டம் நிக்காதே. சாரல் விழுந்துட்டா மணலு நனைஞ்சுரும். வண்டியைப் பூட்டு!"

சிற்றாற்றில் தண்ணீர் நூலாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. காய்ந்த மணலாகப் பார்த்து அள்ளினார்கள். முதல் கூடையை முப்பிடாதியே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே சுமந்து போய்க் கொட்டினாள். மணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மறுபடியும் பரப்பினார்கள். மேற்கே மலை மறைந்து முதல் தூறல் விழுந்தபோது பேச்சிமுத்து கடைசிக் கல்லைப் பதித்துச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். பட்டாசாலைக் கூடத்திலிருந்து அடுக்களைக்கு ஏறப் படி வேண்டாம், சரிவு போடுங்கள் என்றாள் ஆவுடைத்தாய். அம்மி போல் கொத்திய அந்தக் கல்லில் ஈரக்காலோடு அவள் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பார்த்தாள். பிச்சையாவுக்கு வயலை விட்டுவிட்டு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

ஆனியில் சாரல் நின்று பெய்தது. ஊரெல்லாம் அடுக்களைத் தரை வேர்த்தது. அந்த வீட்டில் வேர்க்கவில்லை. கட்டுச்சோற்றுக்கு முதல்நாளே புளி கரைத்து வைத்தாகிவிட்டது. காலையில் ஆவுடைத்தாய் மேடையின் தெற்குப் பாதியில், அடுப்பருகே நின்றாள். முப்பிடாதி வடக்குப் பாதியில் தேங்காய் துருவினாள்.

"துருவித் தாரேன், நறுக்கித் தாரேன். அடுப்புப் பக்கம் வரமாட்டேன்" என்றாள்.

"உளுந்தஞ்சோறு உங்க கைக்குத்தான் பதம் வரும் மதினி. குருவுக்கு அதுதான் உசிரு."

"சுரண்டைக்காரி கேப்பாளேட்டி."

"கேக்கட்டும். பதில் சொல்லுத வாயி எனக்கு இருக்கு."

கறுப்பு உளுந்தும் பூண்டும் வெந்தயமும் வெந்து வரும் வாசம் சாரல் காற்றில் தெருவரை போயிற்று. யார் எப்போது இடம் மாறினார்கள் என்று பிச்சையாவுக்குத் தெரியாது. வண்டிக்கு வைக்கோல் விரித்துவிட்டு எட்டிப் பார்த்தபோது, அடுப்பருகே நின்றது அக்காள்தான். உளுந்தஞ்சோற்றுப் பானைக்குள் குனிந்து பார்த்து, உதட்டைக் குவித்து ஆவியை ஊதிக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி வீட்டிலேயே நின்றுகொண்டாள். சுரண்டையில் பந்தி விரித்தார்கள். குருவம்மாள் வளையல் குலுங்க மனையில் உட்கார்ந்தாள். சோற்றுப் பானைகளைத் திறந்ததும் கூடியிருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். சம்பந்தியம்மாள் ஒவ்வொரு பானையாகப் பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"நடக்கவே முடியலைன்னாங்க. இம்புட்டும் யாரு கை?"

பிச்சையாவின் கண் மனைவியிடம் போனது. என் கைதான் என்று அவள் சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் அதைத்தான் வேண்டிக்கொண்டார். ஆவுடைத்தாய் நின்ற இடத்திலேயே நின்று, தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"ரெண்டு பேரு கை. நானும் எங்க மதினியும். ஒரே மேடையில பக்கத்துல பக்கத்துல நின்னு ஆக்குனோம். உளுந்தஞ்சோறு அவங்க ஆக்குனது."

சம்பந்தியம்மாளின் வாய் திறந்தது. அதற்குள் குருவம்மாள் கையை நீட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் உளுந்தஞ்சோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி மென்றாள்.

"எங்க அத்தை கைதான்" என்றாள். "இன்னும் கொஞ்சம் வையிம்மா."

பிள்ளைத்தாச்சி வாயிலிருந்து கவளத்தைப் பிடுங்க அந்த ஊரில் ஒரு வழக்கமும் இல்லை. சம்பந்தியம்மாள் பெருமூச்சு விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, இலை எடுக்கிற சாக்கில் ஆவுடைத்தாயின் பக்கம் வந்தாள்.

"நின்னுக்கிட்டா ஆக்குனீங்க?"

"நின்னுக்கிட்டுத்தான்."

"இடுப்பு நோவல?"

"குனியும்போதுதானே நோவும்?"

சம்பந்தியம்மாள் தன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "பேத்தியோ பேரனோ பெறக்கட்டும். வந்து அந்த மேடையை ஒருதடவை பாக்குதேன்" என்றாள். வண்டியில் வெற்றிலைத் தட்டை அவளே எடுத்து வைத்தாள்.

தென்காசி வீட்டுக்குள் நுழைந்ததும் குருவம்மாள் எங்கேயும் உட்காரவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சரிவில் ஏறி நேரே அடுக்களைக்குப் போனாள். பிச்சையா மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் பட்டாசாலைக்கு வந்தபோது உள்ளேயிருந்து மூன்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன.

"எனக்கும் இப்பம் குனிய முடியல அத்தை. இது எனக்கு எம்புட்டு நல்லா இருக்கு!"

"இந்தப் பக்கம் நில்லு தாயீ, புகை அடிக்கும்."

"மதினி, நீங்க கொஞ்சம் தள்ளுங்க, வயித்துக்கும் சேத்து எடம் வேணும்லா."

மூன்று பேரும் வரிசையாக நிற்பதைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. கல் பதித்த பிறகு அந்த வாசலுக்குள் அவர் ஒருதடவையும் நுழைந்ததில்லை. தரை உயர்ந்ததில் நிலை தாழ்ந்துபோயிருந்ததைக் குள்ளமான பேச்சிமுத்து கவனித்திருக்கவில்லை. சரிவில் வேகமாக ஏறியவர் நிலையின் மேல்கட்டையில் நெற்றியால் மோதினார். ஏனமெல்லாம் அதிர்ந்தது.

உள்ளே முப்பிடாதியம்மாள் சிரித்தாள். தாலியறுத்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அவள் சிரித்து அவர் கேட்டதில்லை. அடக்க முடியாமல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"குனிஞ்சு வாலே! பொம்பளைய உசரத்துக்குக் கட்டுன எடம் இது. குனிஞ்சு வா!"

பிச்சையா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்து உள்ளே போனார்.